செத்தவருக்கு ரயில் இல்லை

"ஐயோ... இளவரசர் போயிட்டாரே!"

பணிப்பெண் திலஃப்ரூஸின் அலறல் உஸ்குதார் படகுத்துறை வரை கேட்டது.

சரியாக அப்போதுதான் இன்ஸ்பெக்டர் ருஷ்தி வாசலுக்கு வந்தான்.

அவன் பையில் ஒரு பாஸ்போர்ட். போக மட்டும்தான், திரும்பி வர முடியாது. பெயர்: நஜாத் எஃபெந்தி, உஸ்மானிய இளவரசர்.

அங்காராவில் புதுச் சட்டம். அரச குடும்பத்தில் உயிரோடு இருக்கும் யாரும் இனி நாட்டில் இருக்கக் கூடாது. மாலை ரயிலில் இளவரசரை ஏற்றியாக வேண்டும்.

உயிரோடு இருந்தால்...

ருஷ்தி மாடிக்குத் தாவினான்.

கட்டிலில் வெள்ளைத் துணி போர்த்திய உடல். ஜன்னலோரம் நரைத்த தாடியோடு ஒரு தச்சன். அவன் முன்னால் பாதி முடிந்த சவப்பெட்டி.

"எப்ப நடந்தது?"

"விடியக்காலைல. நாட்டை விட்டுப் போகணும்னதும் மனசு விட்டுப் போச்சுய்யா." திலஃப்ரூஸ் மூக்கை உறிஞ்சினாள்.

"இப்பதானே அலறினே?"

"காலைல மெதுவா அழுதேன். நீங்க வர்றது தெரிஞ்சதும் மரியாதைக்குச் சத்தமா அழுதேன்."

ருஷ்தி துணியை விலக்கினான். மாவு பூசியது போல வெளுத்த முகம். குனிந்து பிணத்தின் விரல்களை முகர்ந்தான்.

வெங்காயம்!

"உங்க இளவரசர் வெங்காயம் நறுக்குவாரோ?"

"அது... துக்கத்துல எல்லாருக்கும் ஒவ்வொரு பழக்கம்..."

"சரி. எனக்கு ஒரு காபி கொண்டா."

அவள் கிளம்பினாள். பிணத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தாள். தச்சனைத் தாண்டியதும் சட்டென்று திரும்பினாள். தலை குனிந்தாள். கைகளைக் கட்டிக்கொண்டு பின்பக்கமாகவே அடி வைத்தாள்.

ஒன்று... இரண்டு... மூன்று... கதவு.

அவள் போனதும் ருஷ்தி தாழ்ப்பாள் போட்டான்.

"அரண்மனைல பழகின கால். செத்துப்போன இளவரசருக்கு முதுகைக் காட்டுது. தச்சனுக்குக் காட்ட மாட்டேங்குது. ஏன் எஃபெந்தி?"

உளி நின்றது.

தச்சன் மெல்ல நிமிர்ந்தார்.

"கட்டில்ல இருக்கறது சமையல்கார ஹம்சா. அவனை விட்டுடுங்க. நான் சொல்லித்தான் படுத்தான்."

"தப்பிச்சு எங்க போறதா உத்தேசம்?"

"எங்கயும் போகாம இருக்கத்தானே இவ்வளவும். பாதி ஆயுசு சுல்தானுக்குப் பயந்து இந்த வீட்டுக்குள்ள. மீதி ஆயுசு போர். கலதா பாலத்துல நின்னு ஒரு மீன்கூட நான் வாங்கித் தின்னதில்லை. தச்சு வேலை தெரியும். ஒரு சின்னக் கடை... அவ்வளவுதான் கேட்கறேன்."

ருஷ்தி பாஸ்போர்ட்டை எடுத்தான். பேனாவையும் எடுத்தான்.

குறுக்கே எழுதினான்: 'காலமானார்.'

இளவரசர் திகைத்தார். "எதுக்கு?"

"பழைய சுல்தான் காலத்துல உங்க வாசல்ல நின்ன ஒற்றன் நான். தினமும் ஒரே ரிப்போர்ட்: 'உள்ளே ரம்பம் சத்தம் கேட்டது.' ஒரு நாள் முழங்கால் வரைக்கும் பனி. உள்ளேயிருந்து ஒரு முக்காலி வந்தது. 'வெளியே நிக்கறவர் உட்காரட்டும்'னு சொல்லி."

"அது நீயா?"

"மரியாதையாப் பேசுங்க. நான் இன்ஸ்பெக்டர், நீங்க தச்சன்."

இளவரசர் எழுந்து நின்றார்.

"பெட்டியில மரத்தூளை நிரப்பி ஆணி அடிங்க. நாளைக்கு என் வீட்டுக்கு வாங்க. அந்த முக்காலியில ஒரு கால் குட்டை. பதினாறு வருஷமா ஆடுது."

"உங்க வீடு எங்க... ஐயா?"

"கலதா பாலத்தைத் தாண்டி. படகை விட்டு இறங்கி நடந்துதான் வரணும். வழியில மீன் விப்பாங்க."

இளவரசர் சுத்தியலை எடுத்தார்.

கட்டிலில் பிணம் ஒரு கண்ணைத் திறந்தது.

"அதெல்லாம் நாளைக்குப் பேசிக்கலாம் எஃபெந்தி. கீழே சோறு அடிபிடிக்குது... நான் கொஞ்சம் பிழைச்சுக்கட்டுமா?"