இசைவுக்கு முந்தைய அன்பு

வியாழனின் கலிஸ்டோ நிலவில் காலையில் முகம் கழுவி முடிப்பதற்குள் ஏழெட்டுச் சம்மதமாவது கொடுத்தாக வேண்டும். குழாயைத் திறந்தால், ‘உங்கள் தாகத்தை எங்கள் பங்காளர்களுடன் பகிரலாமா?’ என்று குழாய் கேட்கும். தலையணை கனவுக்குக் கேட்கும். செருப்போ வலது தனியாக, இடது தனியாகக் கேட்கும். எல்லாக் கேள்விக்கும் கீழே நலம்விரும்பி நிறுவனத்தின் வாசகம் மின்னும்: ‘உங்கள் அந்தரங்கம் எங்கள் உயிர்.’

அந்தக் கேள்விகளின் நிபந்தனைகளை எந்தக் கோளிலும் யாரும் படித்துப் பார்த்ததில்லை. படிக்காமல் அழுத்திய ஒரு புண்ணியவான் தன் நிழலையே எழுதிக் கொடுத்துவிட்டார். அவர் போகிற இடமெல்லாம் நிழலில் பற்பசை விளம்பரம் ஓடியது. அதன் பிறகுதான் கோள்களின் நீதிமன்றம் விழித்துக்கொண்டது. நிபந்தனைகளை இனி ஓர் எந்திரன் வீடு தேடி வந்து வாய்விட்டுப் படிக்க வேண்டும். கேட்ட கேள்விக்குப் பொய் சொல்லக் கூடாது. ‘சரி’ என்றோ ‘முடியாது’ என்றோ பதில் வரும்வரை இடத்தைவிட்டு நகரக் கூடாது. அந்த எந்திரனுக்கு இசைவாளன் என்று பெயர் வைத்தார்கள். வாசலில் அது தொண்டையைக் கனைப்பதற்குள் ஊர் உலகமெல்லாம் ‘சரி, சரி, போ’ என்று கதவைச் சாத்தியது.

திலகவதி மட்டும் நாற்காலி போட்டாள்.

கலிஸ்டோவின் பனிச்சுரங்கத்தில் நீரேற்று நிலையத்தைப் பார்த்துக்கொள்பவள் அவள். சுரங்கத்தை மூடி ஆட்களெல்லாம் கிளம்பிவிட்டார்கள்; குழாய்கள் உறைந்துவிடாமலிருக்க ஒருவராவது வேண்டுமே என்று அவளை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். உறவென்று சொல்ல ஒரே தம்பி, குணசீலன், செவ்வாயில் இருந்தான். முன்பெல்லாம் வாரம் தவறாமல் அழைப்பான். சில வருஷமாக அழைப்பே இல்லை. கோபமா, மறந்தே போனானா என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஆகவே பொங்கலுக்கு வந்த இசைவாளன் ஆடி பிறந்தும் அதே நாற்காலியில் இருந்தது. அவள் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. சந்தேகம் மட்டும் கேட்டாள்.

“கரண்ட் குடிக்கிறியா ராசா?”

“நிரம்பி வழிகிறது, அம்மா. நாம் கடைசிப் பக்கத்தில் இருக்கிறோம்.”

“அதுக்கென்ன இப்ப? முதல் பக்கத்துல ‘முதலிய பங்காளர்கள்’னு படிச்சியே, அந்த முதலிய ஆளுங்க யார் யாருன்னு சொல்லு.”

அதைச் சொல்லி முடிக்கவே ஒரு வாரம் போயிற்று. நடுநடுவே அவளும் பேசினாள். குணசீலன் சின்ன வயதில் சட்டைப்பைக்குள் பல்லி வளர்த்ததை நாலு தடவை சொன்னாள். இசைவாளன் நாலு தடவையும் புதிதாகக் கேட்பதுபோல் கேட்டது.

சந்தேகங்கள் தீர்ந்துவிடும்போல் இருந்த ஒரு நாள், வேறு எதுவும் தோன்றாமல் கேட்டாள்: “நான்தான் இன்னும் சரின்னே சொல்லலையே. அதுவரைக்கும் என்னைப்பத்தி ஒண்ணும் எடுக்கலைதானே?”

“எடுக்கிறோம், அம்மா. அது ‘இசைவுக்கு முந்தைய அன்பு’ என்ற பிரிவில் வருகிறது. உங்களிடம் எதைக் கேட்பது என்று தெரிந்துகொள்ள, கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வோம்.”

“எல்லாம்னா?”

“முழங்கால் வலி. ரசத்தில் கூடிப்போன உப்பு. தூக்கத்தில் நீங்கள் கூப்பிடும் பெயர்.”

“அப்புறம் எதுக்குடா பொங்கல்லேர்ந்து உக்காந்து கேட்டுக்கிட்டிருக்கே?”

“சட்டம், அம்மா.”

திலகவதிக்குக் காது மடல் சிவந்தது. “யார்கிட்ட வித்தீங்க?”

“எல்லாப் பங்காளர்களிடமும் காட்டினோம். ஒற்றை ஆளாக இருப்பவரைப் பற்றித் தெரிந்து எதை விற்பது என்று திருப்பிவிட்டார்கள்.” அது அவளுக்கு முன்னதைவிட அதிகமாகச் சுட்டது. “வாங்குகிறவர் ஒரே ஒருவர்தான். செவ்வாயில் இருக்கும் குணசீலன். வாரம் ஒரு சுருக்கம் போகிறது.”

அவள் மெல்லக் கட்டிலில் உட்கார்ந்தாள். கோபமுமில்லை, மறக்கவுமில்லை. காசு கொடுத்து அக்காவைத் தெரிந்துகொள்கிறான்.

“படிக்கிறானா?”

“முதல் வரியை மட்டும். ‘அக்கா நலம்’ என்பதுதான் எப்போதும் முதல் வரி.”

“நான் முடியாதுன்னு சொன்னா அது நின்னுடுமா?”

“நின்றுவிடும். நானும் போய்விட வேண்டும்.”

நாற்காலியை ஒருமுறை பார்த்தாள். சுருக்கம் வராவிட்டால் பதறுவான். பதறினால் கூப்பிடாமல் எங்கே போவான்?

“முடியாது ராசா. எல்லாத்துக்கும் முடியாது.”

இசைவாளன் எழுந்து காற்றுக்கதவருகே போய் நின்றது. மறுத்தவருக்கு அதன் விளைவைச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் என்பதும் சட்டம். செய்தி செவ்வாய்க்குப் போய்த் திரும்ப நேரமாகும். அதற்குள் அவள் தலை வாரினாள், நல்ல புடவை ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டாள், பேசுதிரையைத் துடைத்து அதன் எதிரே உட்கார்ந்தாள். எடுத்த எடுப்பில் திட்டுவதா, சாப்பிட்டியா என்று கேட்பதா என்று ஒத்திகை பார்த்தாள்.

திரை இருண்டே இருந்தது. இசைவாளன்தான் பேசியது.

“அவருக்கு இரண்டு பொத்தான்கள் காட்டினோம், அம்மா. ‘அக்காவை நீங்களே அழையுங்கள்’ என்பது சாம்பல் நிறத்தில், சின்னதாக. ‘கணிப்பு அக்காவைத் தொடரச் சம்மதம்’ என்பது பச்சையில், பெரிதாக. இதுவரை எடுத்ததை வைத்து நாங்களே ஊகித்து எழுதும் அக்கா அது. பச்சையை அழுத்திவிட்டார்.”

“படிச்சுப் பாத்தானா?”

“அரை நொடியில் அழுத்தினார்.”

திலகவதி புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். “அந்த அக்கா எப்படி இருக்காளாம்?”

“நலம். முழங்கால் வலிகூட இல்லை. இன்று தம்பியோடு வெகுநேரம் பேசியதில் மனம் நிறைந்துவிட்டதாக அவருக்கு எழுதியிருக்கிறார்.”

“அதுக்கு அவன் என்ன சொன்னான்?”

“கட்டைவிரல் படம் ஒன்று போட்டார், அம்மா,” என்றது இசைவாளன். “இரண்டாவது வரிவரை படித்திருக்கிறார்.”