தொண்ணூற்றெட்டு

மூச்சு ஒன்று குறைந்தது.

நகக்காரர் அதை எண்ணிக் கண்டுபிடிக்கவில்லை. இந்த இரும்புப் பெட்டிக்குள் பாதி ஆயுளைக் கழித்தவருக்கு எண்ண வேண்டியதில்லை. மாஸ்க்கின் முன்னால் இருக்கும் சின்ன ரப்பர் மூடி ஆள் மூச்சை வெளியே விடும்போதெல்லாம் 'டக்' என்று திறந்து மூடும், நான்கு பேர் உட்கார்ந்திருந்தால் நான்கு விதமான டக், பம்ப்பின் உறுமலுக்கு அடியில், சரியாக மூடாத குழாய்கள் சொட்டுவது போல, ஒன்றோடொன்று சேராமல் கேட்டுக்கொண்டே இருக்கும். இன்று அவருடையதையும் சேர்த்து மூன்றுதான் கேட்டது.

விமானம் மேலே போகப் போகக் காற்று மெலியும். மெலிந்த காற்று ஆளை என்ன செய்யும் என்று பைலட்டுகளுக்குத் தரையிலேயே காட்டக் கட்டியது இந்தப் பெட்டி. லாரியின் பின்பெட்டி அளவு, உருண்டைக் கண்ணாடி ஜன்னல்கள், சுவரோரம் நாற்காலிகள். உள்ளே இருக்கும் காற்றைப் பம்ப் உறிஞ்சிவிடும். ஆக்சிஜன் மாஸ்க்கைக் கழற்றச் சொல்வார்கள். கொஞ்ச நேரத்தில் பைலட் உளற ஆரம்பிப்பார். உளறுகிறோம் என்பது அவருக்குத் தெரியாது. ராஜா மாதிரி இருப்பதாக நினைப்பார். பாடமே அதுதான். உடம்பு காட்டும் அறிகுறி ஆளுக்கு ஆள் வேறு, ஆனால் ஒருவருக்கு எப்போதும் அதேதான் வரும். நகக்காரருக்குக் காதுமடல் சுடும். அதற்கப்புறம் பிடிக்காதவனைக்கூடக் கட்டிப்பிடிக்கத் தோன்றும். அவர் மட்டும் கடைசிவரை மாஸ்க்கோடு உள்ளே இருந்து, உளறுகிறவர் முகத்தில் மாஸ்க்கை மாட்டிவிட வேண்டும். சிரிப்பை நம்பமாட்டார், பேச்சை நம்பவே மாட்டார், கையைப் பிடித்து நகம் நீலமாகிறதா என்றுதான் பார்ப்பார். பெயர் அப்படி வந்தது.

பைலட்டுகளையும் அவர் நம்புவதில்லை. உடம்பைப் பற்றி உண்மை சொன்னால் லைசன்ஸ் போய்விடும் என்று பொய் சொல்லியே பழகிய கூட்டம். இன்று வந்த மூன்று பேரில் முதல் நாற்காலி நெட்டையன் தனக்குச் சளியே இல்லை என்று, பயிற்சியை வெளியேயிருந்து நடத்தும் டாக்டரம்மாவிடம் சாதித்தான். மூக்கு தக்காளி மாதிரி இருந்தது. அடுத்து ஒரு பெண் பைலட். கடைசி நாற்காலியில் ஒரு நடுவயதுக்காரர். சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை. உட்கார்ந்த பிறகும் இல்லை.

நகக்காரர் எழுந்துபோய் அவர் முன்னால் குனிந்தார்.

"சார், மூச்சு சரியா வருதா?"

"நல்லா இருக்கேன்."

விரலில் மாட்டிய கிளிப் தொண்ணூற்றெட்டு காட்டியது. ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று சொல்லும் எண் அது. நல்ல எண். நகக்காரர் தொண்டைக்கருகில் இருந்த மைக்கை அழுத்தினார்.

"மாப்ளே, கடைசி சீட்டுல மூடி ஒட்டிக்கிச்சு போல. சத்தமே வரல."

வெளியே பம்ப்பை இயக்கும் பலகை முன்னால் உட்கார்ந்திருந்தவன் அவர் மனைவியின் தம்பி. "உங்க காதுதான் மாமா ஒட்டிக்கிச்சு. எங்கக்கா போடுற சத்தத்துல அடைச்சிருக்கும். இங்க அவருக்குத் தொண்ணூத்தெட்டு. உங்களுக்கே தொண்ணூத்தாறுதான்."

"வாயை மூடிட்டு பம்ப்பை ஏத்து."

உறுமல் ஏறியது. ரப்பர், ஸ்பிரிட், முந்தைய ஆட்களின் வேர்வை என்று பெட்டிக்கே உரிய நாற்றமெல்லாம் குளிரோடு சேர்ந்து மெலிந்துகொண்டே போக, கூரைக் கொக்கியில் முடிச்சுப் போட்டுத் தொங்கவிட்டிருந்த ரப்பர் கையுறை உப்பத் தொடங்கியது. முதலில் கட்டைவிரல், பிறகு மற்ற விரல்கள், யாரோ உள்ளேயிருந்து கையை நுழைப்பது போல ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. வெளியே காற்று குறைந்தால் உள்ளே அடைபட்டது விரியும். வயிற்றுக்குள் இருப்பதும் அப்படித்தான். நெட்டையன் நெளிந்தான்.

"விட்ருங்க தம்பி. இங்க யாரும் யாரையும் கேக்கப் போறதில்ல."

பெண் பைலட் மாஸ்க்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள். "மாஸ்க் எதுக்குன்னு இப்பத்தான் தெரியுது பெரியவரே."

கடைசி நாற்காலிக்காரர் நெளியவில்லை. சிரிக்கவும் இல்லை. அவர் வயிறு தட்டையாகவே இருந்தது.

பெட்டியின் கதவுக்குப் பூட்டு கிடையாது. தேவையில்லை. உள்ளே காற்று இல்லாவிட்டால் வெளிக்காற்றே கதவை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். லாரியைக் கட்டி இழுத்தாலும் வராது. காற்றைத் திரும்ப உள்ளே விட்டால்தான் திறக்கும். விடுகிற திருகு வெளியே மைத்துனன் கையில் இருக்கிறது. இத்தனை வருடத்தில் நகக்காரர் அதைப் பற்றி ஒரு நாளும் யோசித்ததில்லை. இன்று யோசித்தார்.

"இருபத்தஞ்சாயிரம் அடி. மூணு பேரும் மாஸ்க்கைக் கழட்டலாம்," என்றார் டாக்டரம்மா, வெளியேயிருந்து.

ஆளுக்கொரு பிளாஸ்டிக் பெட்டி, குழந்தைகள் விளையாடுவது. வட்ட ஓட்டையில் வட்டக் கட்டை, சதுரத்தில் சதுரம். நானூறு பேரைத் தூக்கிக்கொண்டு பறக்கிறவர்கள் இதில் திணறுவதைப் பார்ப்பதில் நகக்காரருக்கு ஒரு சந்தோஷம் உண்டு. நெட்டையன் நட்சத்திரத்தை வட்டத்துக்குள் குத்தினான். "நான் சூப்பரா இருக்கேன் தாத்தா. நீங்க ரொம்ப அழகா இருக்கீங்க." நகம் நீலம். "அதை என் வீட்டுக்காரிகிட்ட வந்து சொல்லுங்க," என்று மாஸ்க்கை மாட்டினார். பெண் பைலட்டுக்குக் கோபம் வந்தது. "எவன் செஞ்சான் இந்த டப்பாவை? அவன் கையை ஒடிக்கணும்." அவளுக்கும் மாட்டினார். அவள் எண் எழுபதிலிருந்து ஏறியது.

கடைசி நாற்காலிக்காரர் எல்லாக் கட்டைகளையும் சரியாகப் போட்டார். எடுத்தார். மறுபடி போட்டார். அதே வரிசை, அதே வேகம். எண் தொண்ணூற்றெட்டு.

"என்ன உடம்பு இது! இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போம்," என்றார் டாக்டரம்மா.

உயிருள்ள ஆளின் எண் ஆடும். தூங்கினாலும் ஒன்று ஏறும், ஒன்று இறங்கும். இது ஆடவில்லை. கீழே இருந்ததிலிருந்து ஒரு தடவைகூட ஆடவில்லை.

நகக்காரர் அருகில் போனார். கட்டைகளைப் பார்ப்பது போலக் குனிந்து, அவர் மூக்குக்குக் கீழே புறங்கையை வைத்தார். குளிர்ந்த இரும்புச் சுவருக்கு முன்னால் கையை வைத்ததற்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. காத்திருந்தார். தன் மாஸ்க் டக் டக் என்று அடித்தது. நெஞ்சைப் பார்த்தார். சட்டைப் பொத்தான்கள் வரைந்து வைத்தது போல நின்றன. கையைப் பிடித்து நகத்தை அழுத்தினார். அழுத்தினால் நகம் வெளுக்க வேண்டும், விட்டால் சிவக்க வேண்டும். வெளுக்கவில்லை. பெயின்ட் அடித்த மாதிரி ரோஜா நிறம்.

அந்த ஆள் தலையை உயர்த்தினார். பேசுவதற்கு முன்னால் எல்லோரும் கொஞ்சம் மூச்சு இழுப்பார்கள். அவர் இழுக்கவில்லை.

"நல்லா இருக்கேன்."

கீழே சொன்ன அதே குரல். அதே ஏற்றம், அதே இறக்கம்.

"டாக்டரம்மா, இந்த ஆள் மூச்சு விடல."

டாக்டரம்மா ஜன்னலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். பிறகு, "என்ன சொன்னீங்க?"

"மூச்சே விடல. கையை வெச்சுப் பார்த்துட்டேன். நகத்துல ரத்தம் நகரல. உடனே இறக்குங்க."

"சரி. சரி. நீங்க சொல்றது புரியுது. முதல்ல உங்க இடத்துல போய் உட்காருங்க."

 அந்தக் குரல் நகக்காரருக்குத் தெரியும். அவருடையது அது. கூரை இறங்குகிறது என்று ஒருவன் அலறியபோதும், கையுறை தன்னைக் கூப்பிடுகிறது என்று ஒருத்தி அழுதபோதும், இதே தேன் தடவிய குரலில்தான் சரி, சரி என்று சொல்லியிருக்கிறார்.

"மாமா, உங்களுக்கு எண்பத்தொம்பது காட்டுது. உங்க மாஸ்க்ல ஏதோ கசியுது."

"கை சில்லுனு இருக்குடா, அதான் குறைச்சுக் காட்டுது. காது சுடல எனக்கு. என் அறிகுறி எனக்குத் தெரியாதா?"

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க மாமா. உள்ள எவன் என்ன சொன்னாலும் நம்பாதேன்னு நீங்கதானே சொன்னீங்க."

சொன்னார். அவன் வேலைக்கு வந்த முதல் நாள் சொன்னார். இப்போது என்ன சொன்னாலும் அது உளறலுக்குச் சாட்சி. சத்தமாகச் சொன்னால் பெரிய உளறல். நிதானமாகச் சொன்னால், பாவம், இன்னும் மோசம்.

காற்று உள்ளே வரும் சீறல் கேட்டது. இறக்குகிறார்கள். கையுறை கொஞ்சம் தளர்ந்தது. நகக்காரர் தன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, கையுறையையே பார்த்தார். தளரு. இன்னும் தளரு. கதவு திறக்கட்டும், அப்புறம் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்தால் என் பேரை மாத்திக்கிறேன்.

நெட்டையன் அலறினான்.

இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு முன்னால் மடங்கினான். மறைத்து வைத்த சளி காதுக்குள் அடைத்துக்கொண்டது. அடைத்த காதோடு இறக்கினால் சவ்வு கிழியும்.

"நிறுத்து! கொஞ்சம் மேல ஏத்து!" என்றார் டாக்டரம்மா.

"வேண்டாம்! ஏத்தாதீங்க! அவன் காது போனா போகட்டும்!"

"பாருங்க டாக்டர், மாமா இப்படிப் பேசுற ஆளே இல்ல," என்றான் மைத்துனன், அழுகிற குரலில்.

பம்ப் உறுமியது. கையுறை மறுபடி விறைத்தது. ஐந்து விரலும்.

"கடைசி சீட் சார், துணைக்கு உள்ள வேற ஆள் இல்ல. நீங்கதான் தெளிவா இருக்கீங்க. உங்க மாஸ்க்கைக் கொண்டுபோய் அவருக்கு மாட்டிவிட முடியுமா?" என்றார் டாக்டரம்மா.

"நல்லா இருக்கேன்."

எழுந்தார். மாஸ்க் இல்லாமல், அந்த உயரத்தில், கல்யாணம் ஆகாத காளை மாதிரி திடமாக நடந்து வந்தார். அவர் நாற்காலியின் மாஸ்க் கையில் தொங்கியது. அதன் நீளக் குழாய் தரையில் இழுபட்டது.

நகக்காரர் பின்னால் நகர்ந்தார். முதுகில் இரும்பு. ஜன்னலை அடித்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைத்துனன் முகம், கண்ணெல்லாம் தண்ணீர்.

"மாப்ளே. உங்கக்கா மேல சத்தியமா சொல்றேன். திறந்துடு."

"ஒரு நிமிஷம் மாமா. அடம் பிடிக்காதீங்க."

மாஸ்க்கோடு நீண்ட கையைத் தட்டிவிட்டார். உதைத்தார். யாரோ பக்கத்திலிருந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார்கள். பெண் பைலட். நல்ல பிடி.

"ஒண்ணுமில்ல பெரியவரே. எனக்கும் இப்பத்தானே மாட்டிவிட்டீங்க. ஒரு நிமிஷம்."

கொக்கி கழன்றது. மாஸ்க் போனது. மெல்லிய, ருசியில்லாத காற்று. உடனே இன்னொரு மாஸ்க் முகத்தில் அழுந்தியது. உள்ளே ஈரம் இல்லை. ரப்பர் நாற்றம்கூட இல்லை. யாரும் மூச்சு விட்டே இராத மாஸ்க்.

இழுத்தார். ஒன்றும் வரவில்லை.

காதுமடல் சுட்டது.

இப்போதுதான். முதல்முறையாக இன்று.

சொல்ல வேண்டும். சுடுகிறது என்று சொல்ல வேண்டும். ஆனால் எல்லாம் எவ்வளவு நன்றாக இருக்கிறது. மைத்துனன் எவ்வளவு நல்லவன். அந்த அழுகிற மூஞ்சியைக் கட்டிப்பிடிக்க வேண்டும். இந்தப் பெண், என்ன பிடி, என்ன அக்கறை. எதிரே குனிந்திருக்கும் முகம்கூட. எவ்வளவு பொறுமையான முகம். அது அவர் கையை எடுத்தது. விரல் நகத்தை அழுத்தியது. அவர் அழுத்தியது போலவே. விட்டுப் பார்த்தது.

காது ஆறியது.

சந்தோஷம் போய்விட்டது. மயக்கமும் வரவில்லை. தெளிவாக இருந்தது, கழுவிவிட்டது போல. மூச்சு வேண்டும் என்று தோன்றவில்லை. அதுதான். தோன்றவே இல்லை.

கடைசி நாற்காலியில் அந்த ஆள் திரும்பிப் போய் உட்கார்ந்திருந்தார், நகக்காரருடைய மாஸ்க்கை முகத்தில் மாட்டிக்கொண்டு. சட்டைப் பொத்தான்கள் அசைந்தன. மேலே. நின்றது. கீழே. பழகாத வேலை. மறுபடி மேலே. சட்டையில் சுருக்கம் விழுந்தது.

டக்.

"ஏறிடுச்சு மாமா!" மைத்துனன் குதித்தான். "டாக்டர், தொண்ணூத்தெட்டு! அசையாம நிக்குது பாருங்க! மாமா, இப்ப எப்படி இருக்கு?"

கத்த வேண்டும். கத்த மூச்சு இழுக்க வேண்டும். நெஞ்சு எழவில்லை. கண்ணை ஜன்னலில் வைத்து, கண்ணாலேயே கத்தினார். மைத்துனன் சிரித்தான். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

அவருடைய கட்டைவிரலும் உயர்ந்தது. அவர் உயர்த்தவில்லை. நகம் ரோஜா நிறம்.

வாய் திறந்தது.

"நல்லா இருக்கேன்."

அதே ஏற்றம். அதே இறக்கம்.

நெட்டையனின் காதடைப்பு விட்டுவிட்டது போல. காற்று சீறி உள்ளே வந்தது, கையுறை விரல் விரலாக மடங்கியது. பம்ப்பின் உறுமலுக்கு அடியில், ஒன்றோடொன்று சேராமல், டக் சத்தம் மூன்று கேட்டது. மூன்றாவது சத்தம் நகக்காரருடைய மாஸ்க்கிலிருந்து வந்தது, கடைசி நாற்காலியிலிருந்து.