ஒண்டியாவா போறே?

ஓசூருக்குப் பக்கத்துப் பேரிகை கிராமத்துக்கு வெளியே, தக்காளித் தோட்டங்களுக்கு நடுவே இருந்த அந்தப் பழைய கல்வீட்டை ரஞ்சிதா வாடகைக்கு எடுத்ததற்குக் காரணம், அங்கே நல்ல இன்டர்நெட் இருந்ததுதான். ஓசூரில் அம்மா வீட்டுக்குக் கீழேயே லேத் பட்டறை. மீட்டிங்கில் வாயைத் திறக்க முடியாது. தம்பி கௌதமின் கல்யாணம் முடியும்வரை ஊரில் இருந்தாக வேண்டும். வெளிநாட்டுக் கம்பெனிக்கு லேப்டாப்பில் வேலை அவளுக்கு. வியட்நாம், ஜார்ஜியா, போர்ச்சுகல் என்று ஊர் ஊராகத் தங்கிக்கொண்டே அதைச் செய்து பழகியவள்.

வீட்டுக்காரர் திம்மராயன் சாவியை அவள் கையில் தராமல் ஜன்னல் கட்டையில் வைத்தார்.

"ஆம்பளைங்க யாரும் வரலையா?"

"நான் மட்டுந்தாங்க."

அவர் முகத்தைச் சுளித்தார். "நடு ரூமு பூட்டினபடியே இருக்கட்டும். அந்தக் கதவாண்ட உக்காந்து பேசிட்டு இருக்காதே."

"பேசறதுதாங்க என் வேலையே."

அவர் சிரிக்கவில்லை.

ஆனால் வைஃபை பெட்டி அந்தக் கதவை ஒட்டிய சுவரில்தான் இருந்தது. மேசையை அங்கேதான் போட முடிந்தது.

ஒரு மத்தியானம், வெயிலில் தோட்டம் முழுவதும் அசைவற்றுக் கிடந்தபோது, தோழி சுஜாதா போனில் கேட்டாள், இப்படி ஊர் சுற்றிக்கொண்டே வேலை பார்ப்பதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று.

"என்ன இல்ல? மேனேஜர் மூஞ்சியைப் பாக்க வேணாம். காலையில வேலை, சாயங்காலம் கடல். ஒரு ஊரு சலிச்சா அடுத்த ஊரு. எங்க போறே, எப்ப வருவேன்னு யாரும் கேக்க மாட்டாங்கடி."

போனை வைத்தாள்.

"யாருமே கேக்க மாட்டாங்களா?"

பூட்டிய கதவுக்கு அப்பாலிருந்து ஒரு பெண்குரல். வீட்டுக்காரர் குடும்பத்துப் பெண், பின்பக்க வாசல் வழியாக அறைக்குள் வந்திருப்பாள் என்று ரஞ்சிதா நினைத்துக்கொண்டாள்.

"மாட்டாங்கக்கா."

"வூட்டுக்காரரு?"

"இன்னும் கல்யாணம் ஆகல."

"அப்போ ஒண்டியாவா போறே?"

"ஒண்டியாத்தான்."

மறுபக்கம் கதவின் மரத்தின்மேல் நகம் ஒன்று மெதுவாக இறங்கும் ஓசை கேட்டது.

அதன்பின் மத்தியானம்தோறும் அந்தக் குரல் வந்தது. தெலுங்கும் தமிழும் கலந்த பேச்சு. கடல் எப்படி இருக்கும்? தெரியாத ஊரில் யார் கதவைத் திறந்துவிடுவார்கள்? தனியாக வேலை செய்யும் ரஞ்சிதாவுக்கு அந்தத் துணை பிடித்திருந்தது. விமானம், வாடகை அறை, விசா, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள்.

போகப் போகக் கேள்விகள் வேறு மாதிரி ஆயின.

"திரும்பி வராமயே இருக்கலாமா?"

"இருக்கலாமே."

"உன்னை யாரும் அடிக்கலையா?"

ரஞ்சிதாவின் விரல்கள் கீபோர்டில் நின்றன.

"என்னக்கா?"

"உன்னை மட்டும் ஏன் அடிக்கலை?"

குரல் பற்களுக்கு இடையிலிருந்து வந்தது. கதவின் அடியிலிருந்து ஒரு வாடை எழுந்தது. வெயிலே படாத பாய், மூத்திரம், மட்கிய கூந்தல். கதவு ஒருமுறை அதிர்ந்தது. மறுமுறை அதிர்ந்தபோது பூட்டு துள்ளி விழுந்தது.

ரஞ்சிதா எழுந்து வெளியே ஓடினாள். உள்ளே இருப்பவளைப் பார்த்துவிட வேண்டும் என்று வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனாள்.

அங்கே வாசல் இல்லை.

ஜன்னலும் இல்லை. வெறும் கல்சுவர். அடைக்கப்பட்ட கதவின் தடம் மட்டும் சிமென்ட்டில் வெளுத்துத் தெரிந்தது.

போர்வெல் அருகே நின்றிருந்த திம்மராயன் அவள் முகத்தைப் பார்த்தார்.

"பேசினியா?"

அவள் தலையாட்டினாள்.

"எங்க அண்ணி, வெங்கடம்மாள். ஆந்திராவுல இருக்கற தாய் வூட்டுக்குப் போறேன்னு கெளம்பிட்டே இருப்பாங்க. எங்கண்ணன் அடிச்சு உள்ள வெச்சுப் பூட்டினாரு. உசுரு போச்சு. ஆனா அந்த ரூமை விட்டுப் போகத் தெரியலை." அவர் நெருங்கி வந்தார். கண்களில் பயம் இருந்தது. பயத்தைவிடக் கோபம் அதிகம் இருந்தது. "வெளிய போறதுக்கு அவங்களுக்கு என்னடி சொல்லிக் குடுத்தே?"

லேப்டாப் உள்ளே இருந்தது. அவள் திரும்பப் போனாள். நடு அறைக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே யாரும் இல்லை. வெறும் தரை. வாடைகூட இல்லை.

லேப்டாப்பைப் பையில் திணித்து ஜிப்பை இழுத்தாள். வாடை இப்போது அவள் தோளுக்குப் பின்னால் இருந்தது.

"போலாமா?"

அன்றே ஓசூருக்கு ஓடிவந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. அம்மா பக்கத்திலேயே படுத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. கௌதமின் தாலிகட்டு முடிந்ததும் வியட்நாமுக்குப் பறந்தாள். கடலோர அறை, உப்புக் காற்று, ஜன்னலுக்குக் கீழே மீன்படகுகள். வாரங்கள் போயின. பேரிகையை வெயில் காலத்துக் கெட்ட கனவாக ஒதுக்கிவிட்டாள்.

ஒரு சாயங்காலம் அம்மா பொற்கொடி போன் செய்தாள். குரல் வழக்கத்துக்கு மாறாகச் சாந்தமாக இருந்தது.

"மத்தியானம் கூப்பிட்டேன். நீ எடுக்கல. உன்கூடத் தங்கியிருக்கற அம்மாதான் பேசினாங்க. தெலுங்கு கலந்து பேசறாங்க, நம்ம பேரிகை பக்கம் மாதிரியே."

ரஞ்சிதா, தான் தனியாகத் தங்கியிருந்த அந்த அறையைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னம்மா... என்ன பேசினாங்க?"

"எல்லாம் உன்னைப் பத்தித்தான். இவ ஒரு எடத்துல நிக்க மாட்டேங்கறாளேன்னு அழுதுட்டேன்டி. அழாதீங்க, இனிமே அவளை எங்கயும் போக விடமாட்டேன்னு சொன்னாங்க." அம்மா நீண்ட பெருமூச்சு விட்டாள். "இப்பத்தான் எனக்கு நிம்மதியா இருக்கு."