தொண்ணூற்றெட்டுக்குக் கீழே

மூன்றாவது முறையாகக் கம்ப்யூட்டர் தானாக அணைந்தபோது மதியம் மணி இரண்டு இருபது. உள்ளே மின்விசிறி சுழன்று ஓய்ந்தது. அதே நொடியில் பக்கத்து அறையில் காய்ச்சலில் கிடந்த மகள் வர்ஷினியின் முனகலும் நின்றது. காஞ்சனா ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கேட்டாள். ஒன்றுமில்லை. பவர் பட்டனை அழுத்தினாள். மின்விசிறி இரைந்தது. முனகல் மறுபடி தொடங்கியது.

மே மாதம். குகட்பள்ளி ஹவுசிங் போர்டு குடியிருப்பின் மேல்மாடியில், காலையிலிருந்து வெயில் குடித்த தளம் அனலைக் கீழே இறக்கிக்கொண்டிருக்க, காய்ந்த பிளாஸ்டிக் வாசனையும் சூடான தூசியின் வாசனையும் கம்ப்யூட்டர் கேபினட்டிலிருந்து எழுந்து, குழந்தையின் அறையிலிருந்து வரும் மருந்தின் தித்திப்போடும் ஈரத்துணி வாடையோடும் கலந்து, மூடிய ஜன்னல்களுக்குள் நகராமல் நின்றன. கணவன் பெங்களூரில் பயிற்சிக்குப் போயிருந்தான். அமெரிக்க டாக்டர்கள் பேசிப் பதிந்த நோயாளிக் குறிப்புகளைக் கேட்டுத் தட்டச்சு செய்வது அவள் வேலை. ஐந்து மணிக்குள் கோப்பு போக வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை தாமதம். இன்னொரு முறை என்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று வேலை கொடுக்கும் இர்பான் ஸார் குரலை உயர்த்தாமல் சொல்லியிருந்தார்.

குழந்தையின் அக்குளில் தெர்மாமீட்டர் வைத்தாள். நூற்றிரண்டு. திரும்பி வந்து உட்கார்ந்தாள். கம்ப்யூட்டரின் சூட்டைக் கண்காணிக்கக் கிரி போட்டுக் கொடுத்திருந்த நிரல், திரையின் மூலையில் நூற்றிரண்டு என்றது. அரைமணி கழித்துப் பார்த்தபோது குழந்தைக்கு நூற்றி மூன்று. மூலையிலும் அதுதான்.

கிரிக்குப் போன் செய்தாள். உதிரி பாகங்களை வாங்கிக் கம்ப்யூட்டரைப் பூட்டிக் கொடுத்தவன் அவன். லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவன்.

"நூத்தி மூணு காட்டுது கிரி. நூத்தி நாலு வந்தா அணைஞ்சிடுது."

"ஃபாரன்ஹீட்தானே? அது சூடே இல்லக்கா. நூத்தி நாப்பதுகூடத் தாங்கும்." சிரித்தான். பிறகு நிறுத்தினான். "உங்க ரூமே நூத்தி ஏழு இருக்கும். உள்ள இருக்கற ப்ராசஸர் அதைவிடக் கம்மியா எப்படிக்கா இருக்கும்?"

"அதை நீதான் சொல்லணும்."

"சென்சார் போயிருக்கும். அதை நம்ப நக்கோ, நம்பவே வேணாம்."

நாளைக்கு வருகிறேன் என்றான். அதுவரை பக்கத் தகட்டைக் கழற்றி, தூசியைத் தட்டி, ஏர் கூலரின் காற்றை உள்ளே விடச் சொன்னான். வெறும் காற்று போதும், தண்ணீர் வேண்டாம் என்றான்.

வீட்டில் ஒரே கூலர். அது வர்ஷினியின் கால்மாட்டில் இருந்தது. காய்ச்சல்காரக் குழந்தைக்கு நேராகக் காற்று படக் கூடாது என்று டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. அது போதுமாக இருந்தது. இழுத்துக்கொண்டு வந்து, கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றினாள். வெறும் காற்று அடுப்பு வாய்போல அடித்தது. தண்ணீரையும் ஓடவிட்டாள்.

நூற்றி ஒன்று. தொண்ணூற்றொன்பது.

இயந்திரம் இவ்வளவு சீராக ஒருநாளும் ஓடியதில்லை. கால் மிதியை அழுத்தி டாக்டரின் குரலை ஓடவிட்டாள். இடையில் குழந்தையின் குரல் கேட்டது.

"சல்லகா உந்தி, மம்மி."

குளிர்கிறதாம். தமிழில் கேட்டால் தெலுங்கில்தான் பதில் சொல்லும். காய்ச்சல் இறங்குகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

"போர்த்திக்கிட்டுப் படு கண்ணு. அம்மா இதோ வந்துட்டேன்."

போகவில்லை. தொண்ணூற்றி நான்கு. தொண்ணூறு. எண் இறங்க இறங்க நிம்மதியாக இருந்தது. நாலு பத்துக்குக் கோப்பு போய்ச் சேர்ந்தது. ஹெட்போனைக் கழற்றினாள்.

கூலரின் சத்தம் மட்டும். முனகல் இல்லை.

மூலையில் எண்பத்தெட்டு.

எழுந்து போனாள். குழந்தையின் உதடு வெளுத்திருந்தது. கன்னத்தைத் தொட்டாள். பிரிட்ஜிலிருந்து எடுத்த எவர்சில்வர் பாத்திரம் போலிருந்தது. தெர்மாமீட்டரில் பாதரசம் ஏறவேயில்லை. நெஞ்சு உயர்ந்தது. வெகுநேரம் கழித்து மறுபடி உயர்ந்தது.

ஓடினாள். கூலரை நிறுத்தினாள். தகட்டை மாட்டினாள். போர்வையை உருவி வந்து கேபினட்டைச் சுற்றினாள். குழந்தையின் போர்வை.

எண்பத்தொன்பது. தொண்ணூற்றிரண்டு. இரண்டு அறைக்கும் நடுவில் நிலைப்படியில் நின்று பார்த்தாள். தொண்ணூற்றைந்து. ஒரு விரல் அசைந்தது. தொண்ணூற்றெட்டு. உதட்டில் நிறம் வந்தது. போர்வையை விலக்கினாள். எண் அங்கேயே நின்றது.

டாக்டரின் எண்ணைத் தேடினாள்.

கரண்ட் போனது.

யு.பி.எஸ். கத்தத் தொடங்கியது. அதில் பத்து நிமிடம் தாங்கும். கை தானாகக் கிரியின் எண்ணை அழுத்தியது.

"கரண்ட் போயிடுச்சு கிரி. அணையாம இருக்க என்ன பண்ணணும்?"

"எதுக்குக்கா? வேலை முடிஞ்சிடுச்சில்ல? ஷட் டவுன் பண்ணிடுங்க."

"கிரி, எவ்வளவு நேரம் தாங்கும்?"

"மானிட்டர் அணைச்சா ரெண்டு நிமிஷம் கூட வரும். என்னாச்சுக்கா?"

மானிட்டரை அணைத்தாள். எண்ணும் போனது.

குழந்தையின் பக்கத்தில் படுத்து நெஞ்சில் கை வைத்தாள். இளஞ்சூடு. துடிப்பு. பக்கத்து அறையில் பீப். பீப். இடைவெளி குறைந்தது. இன்னும் குறைந்தது. இடைவெளியே இல்லாமல் ஒரே சத்தமாக நீண்டது.

வர்ஷினி கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தாள்.

சத்தம் நின்றது.

கண் திறந்தபடியே இருந்தது. காஞ்சனா கையை எடுக்கவில்லை. உள்ளங்கையின் கீழ் சூடு இறங்கிக்கொண்டிருந்தது, அணைத்த கேபினட்டின் தகட்டில் இறங்குவது போல, ஓரங்களிலிருந்து, நிதானமாக.