இரண்டாவது சரி

மதிய ஷிப்டுக்கு மூத்த நர்ஸ் வந்தபோது, வார்டு பொறுப்பாளர் நாற்காலியில் அந்தச் சின்னவள் உட்கார்ந்திருந்தாள். தலை நரைக்கும்வரை மலம் அள்ளி, ரத்தம் துடைத்தது இவள். நாற்காலி மட்டும் நேற்று வந்தவளுக்கு.

"வாங்கக்கா, உங்களைத்தான் தேடிட்டிருந்தேன்."

அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே இவளுக்கு வயிறு எரிந்தது.

ஜன்னலோரக் கட்டிலில் கால் முறிந்த மூட்டை தூக்கும் கூலிக்காரன் ஒருவன் கிடந்தான். "பெரியம்மா வந்தாச்சு. இனி வலியே பயந்து ஓடிரும்" என்றான். பக்கத்துக் கட்டில்கள் சிரித்தன.

போன மழைக்காலத்தில் அதே கட்டிலில் ஒரு பஸ் டிரைவர் கிடந்தார். ஆளைக் கூப்பிட இரும்பு மோதிரத்தால் கட்டில் கம்பியைத் தட்டுவார். டக், டக். ஒரு நாள் ஊசி போட்ட கையோடு போய்ச் சேர்ந்தார். மாரடைப்பு என்று முடித்தார்கள். எந்த மருந்து ஏறியது என்று யாரும் கேட்கவில்லை. தெரிந்தவர்களும் சொல்லவில்லை.

சின்னவள் மருந்து நிரப்பிய ஊசியையும் காலிக் குப்பியையும் நீட்டினாள். கூலிக்காரனுக்கு மருந்து ஏறும் குழாயைக் கழுவிவிட உப்புத் தண்ணீர் என்றாள். இன்னொரு நர்ஸ் குப்பியைப் படித்து 'சரி' சொன்ன பிறகுதான் ஊசி போடுவது அந்த வார்டின் வழக்கம்.

மூத்தவள் படித்தாள்.

பொட்டாசியம். உப்புத் தண்ணீருக்கும் இதே மாதிரி வெள்ளைப் பிளாஸ்டிக் குப்பிதான். நேராக ஏற்றினால் இதயம் நின்றுவிடும்.

நின்றால், நாற்காலி காலி.

"சரிதானேக்கா?"

"சரி."

சின்னவள் கட்டிலை நோக்கி நடந்தாள்.

டக்.

கூலிக்காரனின் இரண்டு கைகளும் மார்பின் மேல் கிடந்தன.

டக். டக்.

பினாயில் நெடியை மீறி டீசல் வாடை வந்தது. பிடரியில் ஈரமான மூச்சு பட்டது.

"இன்னொரு தடவை படிம்மா."

ஊசி முனை குழாயைத் தொட்டுவிட்டது.

"நிறுத்துடி!" பாய்ந்து தட்டிவிட்டாள். ஊசி தரையில் உருண்டது.

சின்னவள் குப்பியை எடுத்துப் படித்தாள். "நல்லவேளைக்கா... இதை இப்பவே மேல எழுதிக் குடுத்துடறேன். உப்புத் தண்ணித் தட்டுல இது எப்படிக் கலந்துச்சுன்னு பாக்கணும். என் வேலை போனாலும் பரவால்ல."

அந்தத் துணிச்சலைக் கண்டும் மூத்தவளுக்குப் பொறாமையாக இருந்தது. எழுதிக் கொடுத்தால், சரி சொன்னது யார் என்றுதான் முதலில் கேட்பார்கள்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலைல்ல? வாயை மூடிட்டு வேலையைப் பாரு." குப்பியைப் பிடுங்கிக் குப்பைக் கூடையில் எறிந்தாள். சின்னவள் தலைகுனிந்து போனாள். கலந்து கிடந்த தட்டு கலந்தபடியே இருந்தது.

"பெரியம்மா," கூலிக்காரன் மெல்லக் கேட்டான். "எதுக்குக் கம்பியைத் தட்டிட்டே இருக்கீங்க?"

குனிந்து பார்த்தாள்.

தட்டிக்கொண்டிருந்தது அவள் கைதான். இழுத்தாள், வரவில்லை.

இரும்பில் இரும்பு மோதும் சத்தம்.

அவள் விரலில் மோதிரமே இல்லை.