ஐந்தாம் புத்தகத்தில் அம்மா இல்லை

அன்று மதியம் சாப்பாட்டு மேசையில் மூன்று பேர். சன்னலுக்கு முதுகு காட்டி அவள், பத்தொன்பது வருடமாக ஒரே வார்டில் வேலை பார்க்கும் நர்ஸ். எதிரே பேப்பரும் கையுமாகக் கணவர். அவருக்கு இடப்பக்கம் பதினேழு வயது மகள், தட்டுக்குப் பக்கத்தில் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு. நான்காவது நாற்காலி எப்போதும் மேசைக்கடியில் தள்ளியே இருக்கும். இன்று அது ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு வெளியே இழுபட்டிருந்தது.

"யாரு இழுத்துப் போட்டது?" என்று கேட்டாள் நர்ஸ்.

"எனக்கு எதுக்கு ரெண்டாவது நாற்காலி? ஒண்ணுல இருந்தே எழுந்திரிக்க முடியல," என்றார் கணவர்.

மகள் சிரிக்கவில்லை. நாற்காலியை உள்ளே தள்ளவும் இல்லை.

மகளின் சிநேகிதன், எல்லோரும் சுருட்டை என்று கூப்பிடும் பையன், பைக்கிலிருந்து விழுந்து செத்து ஏழு வாரம். அன்றிலிருந்து மகள் அந்த ஐந்து புத்தகங்களைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறாள். செத்த பிறகும் காதலியைத் தேடி வரும் பையனின் கதை. பிள்ளை அதில் என்னதான் பார்க்கிறாள் என்று அறிய நர்ஸும் ஐந்தையும் படித்து முடித்திருந்தாள். சாப்பிட்டுவிட்டுக் கணவர் மதியத் தூக்கத்துக்குப் போனதும், கதை எழுதியவருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தாள். பள்ளிக்கூடத்தில் பழக்கியபடி அனுப்புநர், பெறுநர், பொருள்.

'முதல் புத்தகம்: பையனின் கை சில்லென்று இருந்ததாகப் பதினான்கு இடத்தில் வருகிறது. ஒரு இடம் போதும். அந்தச் சில்லிப்பு எனக்குத் தெரியும். இரண்டாவது: நாயகி எப்போது அழுதாலும் மழை பெய்கிறது. மூன்றாவது: வீட்டு ஆள் யாராவது வாய் திறந்து "வா" என்று சொன்னால்தான் அவன் உள்ளே வர முடியும் என்கிறீர்கள்.'

பேனா நின்றது.

குணமாகி வீட்டுக்குப் போகிறவர்களிடம் வார்டில் யாரும் "போயிட்டு வாங்க" என்று சொல்வதில்லை. "வாங்கன்னு சொல்லி வரவச்சா, நீதான்டி ராத்திரி டூட்டி பார்க்கணும்," என்பார் தலைமை நர்ஸ். "நல்லபடியா போங்க" என்றுதான் சொல்ல வேண்டும். இத்தனை வருடத்தில் அவள் வாய் ஒரே ஒரு முறை தவறியது. துணி போர்த்திய சுருட்டையின் உடலை அதே வார்டிலிருந்து தள்ளுவண்டியில் ஏற்றியபோது. நெற்றி முடியை ஒதுக்கிவிட்டு, வீட்டு வாசலில் எத்தனையோ மாலைகளில் அவனிடம் சொன்ன அதே குரலில் சொன்னாள்.

"போயிட்டு வாப்பா."

அன்று அவள் அழவில்லை. இப்போதும், பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி, உடம்பு முழுக்க மரத்துக் கிடந்தது.

மின்விசிறியின் கிறீச், கணவரின் குறட்டை, தெருவில் எங்கோ இரும்பு ஷட்டர் இறங்கும் சத்தம், இவற்றுக்கு நடுவே மகளின் அறையிலிருந்து பக்கம் புரளும் ஓசை சீராக வந்துகொண்டிருந்தது. கூடவே கதவிடுக்கு வழியாக ஸ்பிரிட்டும் ஈரப் பஞ்சும் கலந்த ஒரு வாடை, அவள் யூனிஃபார்மில் ஒட்டிவரும் வாடைதான், ஆனால் இன்று அவளுக்கு விடுமுறை. பிறகு மகளின் குரல், தணிந்து.

"படிச்சிட்டியா? திருப்பவா?"



பக்கம் புரண்டது.

நர்ஸின் கை தானாக எழுதியது. 'நான்காவதில் குறிப்பாக ஒன்றும் இல்லை. ஐந்தாவது: நாயகி அவனோடு போய்விடுகிறாள். சந்தோஷமாக முடித்திருக்கிறீர்கள். அவளுக்கு ஒரு அம்மா இருந்தாள். முதல் புத்தகத்தில் இரண்டு பக்கம் வந்தாள். ஐந்தாவதில் ஒரு வரி கூட இல்லை. தெரியாமல் "வா" என்று சொல்லிவிட்டால் அதைத் திருப்பி வாங்குவது எப்படி? எனக்கு இருப்பது ஒரே பெண். உடனே பதில் எழுதவும்.'

மடித்தாள். உறையில் போட்டாள். பசை தடவி ஓரத்தை விரலால் அழுத்திக்கொண்டிருந்தபோது மகள் வந்து நின்றாள். தலை வாரியிருந்தாள். ஏழு வாரத்தில் முதல் முறை.

"குடும்மா. நாங்க தபால்பெட்டி பக்கம்தான் போறோம்."

"நாங்கன்னா?"

மகள் உறையை அவள் விரல்களிலிருந்து உருவிக்கொண்டாள்.

"நீ இரு. நான் போடுறேன்," என்றாள் நர்ஸ்.

"உனக்குக் கால் வலிக்கும். உட்காரு."

எழ முயன்றாள். கால் கேட்கவில்லை.

"போறேம்மா," என்றாள் மகள். அவ்வளவுதான். வர்றேன் என்று சொல்லவில்லை.

நர்ஸின் வாய் திறந்தது. போயிட்டு வா என்று சொல்ல வேண்டும். சொன்னால் மகள் வருவாள். ஆனால் தனியாக வரமாட்டாள். சொல்லாவிட்டால்.



அதற்குள் வாசல் கதவு சாத்திக்கொண்டது. அவள் சன்னல் பக்கம் திரும்பினாள். நல்ல வெயில். எதிர்ச் சாரியில் தபால்பெட்டி. மகள் வலது கையால் கடிதத்தை உள்ளே தள்ளினாள். மூடி ஆடி நின்றது.

உடம்பை விட்டு விலகி நீண்டிருந்தது இடது கை. அதன் விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. நடுவில் ஏதோ நுழைந்தது. மெல்ல மூடிக்கொண்டன.