மைக்கில் மோதிய மூச்சு

குத்தாயிசி நகரத்தில் மூடிக்கிடக்கும் பட்டு ஆலையின் நிலவறைதான் எங்கள் ஒலிப்பதிவுக் கூடம். மதியத்திலும் அங்கே வெளிச்சம் வராது. ஈரச் சுவரின் வாடையும், பாடும் அறையில் ஒட்டியிருக்கும் பழைய கம்பளியின் வாடையும் கலந்து வரும். கார்லோ நனைந்த கோட்டோடு படியிறங்கி வந்தான். கையில் பீன்ஸ் அடைத்த ரொட்டி.

"எத்தேரி, உனக்கு வர்ற நோவெல்லாம் எனக்கு வரட்டும். இந்தப் பாட்டக் கொஞ்சம் சுத்தம் பண்ணிக் குடு. 'ப' வர்ற எடமெல்லாம் தொப்பு தொப்புனு அடிக்குது. 'ஸ' வந்தா சீறுது."

"நீயா இப்படிப் பாடினே? உன் குரல் வெண்ணெயாச்சே."

"வயசாகுது. பல்லு ஆடுது. சிரிக்காத."

பாட்டு என் அண்ணன் முர்மான் கட்டியது. அவனும் கார்லோவும் பள்ளிக்கூட நாளிலிருந்து சேர்ந்து பாடியவர்கள். போன வருடம் அண்ணன் மாரடைப்பில் போனான். அதற்குச் சில வாரம் முன்பு இதே அறையில் இந்தப் பாட்டைத் தனியாகப் பாடினான். பதிவு செய்தது கார்லோ. அது கெட்டுப்போய்விட்டதென்று அடக்கத்தன்று அம்மாவின் கையைப் பிடித்து அழுதான். எங்களிடம் இருக்கும் வீடியோக்களில் விருந்துக் கூச்சல்தான் கேட்கும், அண்ணன் கேட்கமாட்டான். ஒரே ஒரு தடவை அவன் குரலைக் கேட்டுவிட வேண்டும் என்பதைத் தவிர அம்மாவுக்கு வேறு ஆசை இல்லை.

முதலில் சீறலைக் குறைத்தேன். எடுத்தெறியும் சத்தத்தை மட்டும் தனியாகக் கேட்க ஒரு பொத்தான் உண்டு. நல்லதையும் சேர்த்து வெட்டிவிடக் கூடாதே என்று அழுத்திப் பார்ப்பேன். இழைப்புளியில் விழும் சீவல் மாதிரி, அர்த்தமில்லாத உஸ் உஸ்தான் வரும்.

இந்தத் தடவை சீவலில் ஒரு விசில் இருந்தது.

ரக்பியில் முன்பல் உடைந்த நாளிலிருந்து முர்மானின் 'ஸ' அப்படித்தான் விசிலடிக்கும். கார்லோவின் ஒவ்வொரு 'ஸ'வுக்கும் ஒரு இமைப்பொழுது முந்தி, மெலிதாக, அது.

"கார்லோ, ஹெட்போன்ல என்ன போட்டுக் கேட்டுக்கிட்டுப் பாடினே?"

பின்னால் மெல்லும் சத்தம் நின்றது.

"தாளம்."

"தாளத்துக்குப் பல்லு ஒடஞ்சிருக்காது."

ஹெட்போனிலிருந்து கசியும் சத்தத்தை மைக் பிடித்துக்கொள்ளும். முதலில் கசிவது 'ஸ'. இது அவனுக்கும் தெரியும்.

"அவன் எங்க மூச்சு எடுக்கறான்னு பாக்க வேணாமா?" என்றான். "அத வெச்சுத்தான் கத்துக்கிட்டேன்."

"அப்போ பதிவு கெடல."

"கெடல."

"குடு. அம்மாவுக்கு."

"அழிச்சிட்டேன். ஆல்பத்துல என் பேருதான் வருது. அவன் பாடினதையும் என்னோடதையும் பக்கத்துல வெச்சுக் கேட்டா என்னைக் காறித் துப்புவாங்க. விடு எத்தேரி. செத்தவனுக்கு எதுக்குப் பாட்டு?"

அவனை அடிக்கக்கூடக் கை எழவில்லை. திரும்பி உட்கார்ந்து, 'ப'க்களை மட்டும் தனியாக ஓடவிட்டேன்.

தொப்.

தொப்.

அது சத்தம் இல்லை. வாயிலிருந்து வெடித்து மைக்கில் மோதும் காற்று. உதட்டு ஈரம் பிரிவதுகூடக் கேட்டது. வாயை மைக்கிலேயே வைத்துப் பாடினால்தான் அப்படி வரும்.

"நீ எங்க நின்னே?"

"எப்பவும் போல. ஒரு முழம் தள்ளி, பக்கவாட்டுல. நீ சொல்லிக் குடுத்தபடிதான்."

"ஹெட்போன்லேர்ந்து சத்தம் கசியும், கார்லோ. மூச்சு கசியாது."

அவன் கண்ணாடிக்கு அப்பால் பாடும் அறையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மைக்குக்கு முன்னால் மூச்சுக்காற்றைத் தடுக்கும் நைலான் வலை. ஆள் இல்லை. கதவு அடைத்திருந்தது.

தொப். வலை மைக் பக்கமாகக் குழிந்தது.

நான் பாட்டை நிறுத்தினேன்.

வலை இன்னொரு முறை குழிந்தது.

"எடுத்துடு," என்று கிசுகிசுத்தான். "எல்லாத்தையும் எடுத்துடு."

"எடுக்கமாட்டேன். வெளிய போ."

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் அண்ணனின் ஆண்டு நினைவு விருந்து. கார்லோ வந்தான், வராமல் இருந்தால் ஊர் கேட்கும். இறந்தவர்களுக்குச் செய்யும் வழக்கப்படி ரொட்டியில் ஒயினைச் சிந்தி முர்மான் பெயரைச் சொன்னான். நான் அம்மாவிடம் எதையும் சொல்லியிருக்கவில்லை. சொன்னால், குரல் இருந்தது, இப்போது இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

"எம்புள்ள பாட்டப் பாடுப்பா," என்றாள் அம்மா.

மேசையே அவனைப் பார்த்தது. எழுந்தான். அவனுக்கு முன்னால் தேன் கலந்த கோதுமைக் கிண்ணம், அதன் நடுவில் மெழுகுவர்த்தி. பாட ஆரம்பித்தான்.

'ப' வந்தால் சுடர் அவனை விட்டு விலகிச் சாய வேண்டும்.

அவனை நோக்கிச் சாய்ந்தது.

அடுத்த 'ப'வுக்கும் அப்படியே. கன்னத்தைத் துடைத்துக்கொண்டான். கண் காய்ந்திருந்தது, விரல் ஈரமாயிருந்தது. இரண்டாவது சரணத்தில் குரல் நின்றுபோனது. வாயை இறுக மூடி, அதன் மேல் கையையும் வைத்துக்கொண்டான்.

"தொண்டை அடைச்சிருச்சு, பாவம்," என்றார் யாரோ. ஒருவர் தண்ணீர் நீட்டினார்.

நான் எழுந்து அவனைப் பிடிக்கப் போனேன். அம்மா என் மணிக்கட்டை அழுத்தினாள். கண்ணை மூடியிருந்தாள்.

"உக்காரு. எம்புள்ள இன்னும் முடிக்கல."

எனக்கு எதுவும் கேட்கவில்லை. சுடர் மட்டும், வார்த்தைக்கு வார்த்தை, கார்லோவின் முகத்தை நோக்கிச் சாய்ந்துகொண்டிருந்தது.